எத்தனை வாட் போதும்?

மின்சாதனக் கடையின் ஒரே அலமாரியில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. ஒன்றின் அட்டையில் ‘1000 வாட்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். இன்னொன்றின் பின்பக்கத்தில், தேடினால் மட்டும் கண்ணில் படும் சிறிய எழுத்தில், ‘40 வாட் + 40 வாட்’ என்று இருக்கிறது. முதல் பெட்டியை ஒரு கையால் தூக்கிவிடலாம். ஸ்பீக்கர்களும் அதனுடனேயே வருகின்றன. இரண்டாவதைத் தூக்க இரண்டு கை வேண்டும், ஸ்பீக்கரைத் தனியாக வாங்க வேண்டும், விலையும் அதிகம். ஆனால் இரண்டிலும் ஒரே பாட்டைப் போட்டு வால்யூமை ஏற்றிப் பாருங்கள். முதலாவது இரைகிறது, பாடகரின் குரல் தாளத்துக்குள் புதைந்துபோகிறது. இரண்டாவதில் குரல் முன்னால் நிற்கிறது, வயலின் பக்கத்தில் நிற்கிறது, மிருதங்கத்தின் வலந்தலையும் தொப்பியும் தனித்தனியே கேட்கின்றன.

40 எப்படி 1000-ஐ வெல்கிறது? வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க உண்மையில் எத்தனை வாட் வேண்டும்? நல்ல ஒலிக்காகச் சேர்த்து வைத்த பணத்தோடு கடைக்குக் கிளம்பும் யாருக்கும் முதலில் எழும் கேள்வி இதுதான். இதற்கு விடை தெரிந்தால், குறைந்த விலையில் ஆம்ப்ளிஃபயர் வாங்குவதில் பாதி வேலை முடிந்தது.

நாம் பேசப்போவது இரண்டாவது வகைப் பெட்டியைப் பற்றி. ஃபோன், டிவி, சிடி, இசைத்தட்டு ஆகியவற்றில் எதைக் கேட்பது என்று தேர்ந்தெடுத்து ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் பகுதியும், ஸ்பீக்கரைத் தள்ளும் பகுதியும் ஒரே கூட்டுக்குள் இருப்பதால் அதை ஒருங்கிணைந்த ஆம்ப்ளிஃபயர் என்கிறார்கள்.

எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது

1000 வாட் பெட்டியின் அட்டையை உற்றுப் பார்த்தால் அந்த எண்ணின் பக்கத்தில் ‘பி.எம்.பி.ஓ.’ என்று நான்கு எழுத்துகள் இருக்கும். உச்சகட்ட இசைத் திறன் என்று பொருள் கொள்ளலாம். அதை எப்படி அளப்பது என்பதற்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட விதி எதுவும் கிடையாது. கண்ணிமைக்கும் நேரத்துக்குள், ஒலி எப்படிச் சிதைந்தாலும் பரவாயில்லை என்று வைத்துக்கொண்டு, எல்லா ஸ்பீக்கர்களின் கணக்கையும் கூட்டிச் சொல்லும் எண் அது. ஒரு நிறுவனத்தின் 1000-ஐயும் இன்னொரு நிறுவனத்தின் 1000-ஐயும் ஒப்பிடக்கூட முடியாது.

இந்த மோசடி நம் ஊரில் மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் ஆம்ப்ளிஃபயர் விளம்பரங்களில் வாட் எண்கள் கட்டுக்கடங்காமல் வளர்ந்தபோது, அங்குள்ள ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974-இல் தலையிட்டது. வீட்டு ஆம்ப்ளிஃபயரின் திறனைச் சொல்வதென்றால், இடது, வலது என இரண்டு சானல்களையும் ஒருசேர இயக்கி, எத்தனை ஓம் சுமையில், எந்த அதிர்வெண் எல்லைக்குள், எவ்வளவு திரிபுக்குள் தொடர்ந்து எத்தனை வாட் தரும் என்று சொல்ல வேண்டும் என்றது அந்த விதி. திரிபு என்றால், உள்ளே போன ஒலி அலைக்கும் வெளியே வந்த அலைக்கும் வடிவத்தில் ஏற்படும் வேறுபாடு. கடைக்காரர்கள் ‘ஆர்.எம்.எஸ். வாட்’ என்று சொல்வது இந்தத் தொடர் திறனைத்தான். வாங்குகிறவர் பார்க்க வேண்டிய எண் இது ஒன்றே.

பெட்டியில் தொடர் திறன் போடவில்லை என்றால் என்ன செய்வது? பின்பக்கம் திருப்புங்கள். சுவர் பிளக்கிலிருந்து எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்ற எண் அங்கே இருக்கும். 50 வாட் உள்ளே வாங்கும் பெட்டி 1000 வாட்டைத் தொடர்ந்து வெளியே தர முடியாது. ஆற்றல் அழிவின்மை விதிக்கு விளம்பரத்தால் விலக்குக் கிடைக்காது. இது துல்லியமான சோதனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பத்து மடங்கு, இருபது மடங்குப் பொய்யைப் பிடிக்க இது போதும்.

ஏரியும் மதகும்

ஆம்ப்ளிஃபயர் என்ற பெயரைக் கேட்டதும், சின்ன ஒலி உள்ளே போய்ப் பெரிதாகி வெளியே வருகிறது என்று நினைக்கத் தோன்றும். நடப்பது வேறு. ஃபோனிலிருந்தோ சிடி பிளேயரிலிருந்தோ வருகிற மெல்லிய மின் அலை ஸ்பீக்கரைத் தொடுவதே இல்லை. ஸ்பீக்கரின் கூம்பை முன்னும் பின்னும் அசைக்கும் ஆற்றல் முழுவதும் சுவர் பிளக்கிலிருந்து வருகிறது.

ஏரிப் பாசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வயலுக்குப் பாயும் தண்ணீர் ஏரியுடையது. மதகை ஏற்றி இறக்குகிற கைக்கு அதிக வலு வேண்டியதில்லை. எப்போது, எவ்வளவு திறப்பது என்று அது சொன்னால் போதும். ஆம்ப்ளிஃபயருக்குள் டிரான்சிஸ்டர்கள்தான் மதகுகள். ஃபோனிலிருந்து வரும் அலை அந்தக் கை. ஏரி என்பது மின்வழங்கி: 230 வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரும், அதன் பிறகு மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் பெரிய மின்தேக்கிகளும்.

பழைய வகை ஆம்ப்ளிஃபயரின் எடையில் பெரும்பங்கு டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பும் செம்பும்தான். அந்தக் காலத்துக் கடைக்காரர்கள் பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தே தரம் சொன்னதில் நியாயம் இருந்தது.

காதின் கணக்கு

வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தமும் இரண்டு மடங்காகும் என்று தோன்றுகிறது அல்லவா? காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை.

ஒலியின் அளவைச் சொல்ல டெசிபல் என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறோம். தொலைபேசியை உருவாக்கிய அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் நினைவாக வைத்த பெயர் அது. அதன் கணக்கில் இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும். வாட் இரண்டு மடங்கானால் 3 டெசிபல் கூடும். வாட் பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும்.

இனி காது என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1 டெசிபல் வித்தியாசம், கூர்ந்து கேட்டால்தான் தெரியும். 3 டெசிபல் கூடினால் ‘கொஞ்சம் ஏறியிருக்கிறது’ என்போம். ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று பெரும்பாலோர் சொல்வதற்கு ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். இலை உதிரும் ஓசையிலிருந்து இடி முழக்கம் வரை ஒரே காதால் கேட்க வேண்டியிருப்பதால், பெருக்கலை எல்லாம் கூட்டலாக மாற்றிக் கேட்கிறது நம் செவி.

இதன் விளைவு நம் பணப்பையைத் தொடுகிறது. 40 வாட் பெட்டிக்குப் பதில் 60 வாட் பெட்டி வாங்கினால் கிடைப்பது 2 டெசிபலுக்கும் குறைவு. வேறெதுவும் மாறாமல் வாட் மட்டும் கூடிய பெட்டிக்கு இரண்டு மடங்கு விலை கொடுப்பவர், வால்யூம் குமிழியை ஒரு சிறு திருகு திருகுவதற்கே அந்தப் பணத்தைக் கொடுக்கிறார்.

ஓர் அறையை எடுத்துக்கொள்வோம்

பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி அறை. ஒரு சுவரோரம் இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள். எட்டு அடி தள்ளி நாற்காலி. நம் ஊர் அடுக்ககங்களில் வரவேற்பறை பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும்.

ஸ்பீக்கரோடு வரும் தாளில் ‘உணர்திறன் 86 டெசிபல்’ என்று போட்டிருக்கிறது. ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தள்ளி 86 டெசிபல் கேட்கும் என்று அர்த்தம். ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போகிறவர் தன் ஸ்பீக்கரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் எண் இது. பெரும்பாலோர் கேட்காமல் விட்டுவிடும் எண்ணும் இதுதான்.

நாம் ஒரு மீட்டரில் உட்காரவில்லை, எட்டு அடியில், அதாவது ஏறத்தாழ இரண்டரை மீட்டரில் உட்கார்ந்திருக்கிறோம். திறந்தவெளியில் தொலைவு இரண்டு மடங்காகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். அந்தக் கணக்கில் நமக்கு 8 டெசிபல் இழப்பு. 86 என்பது 78 ஆகிறது. ஆனால் இது திறந்தவெளி இல்லை. சுவரும் தரையும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன. தோராயமாக 3 டெசிபல் திரும்பக் கிடைக்கும், 81. ஸ்பீக்கர் இரண்டு இருப்பதால் இன்னும் 3 சேர்த்தால் 84.

ஆக, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் வெறும் ஒரு வாட் கொடுத்தால் நாற்காலியில் 84 டெசிபல். இது எவ்வளவு சத்தம்? வேலையிடத்தில் ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் 85 டெசிபல் இரைச்சலில் இருந்தால் காதுக்குக் கேடு என்று அமெரிக்காவின் தொழில்சார் நலவாழ்வு ஆய்வு நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பைத் தொடுவதற்கே ஒரு வாட்டுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும்.

மாலையில் நிதானமாகக் கச்சேரி கேட்கும் அளவு என்றால் சராசரி 74 டெசிபல் என்று வைத்துக்கொள்ளலாம். 84-ஐ விட 10 குறைவு, ஆகவே பத்தில் ஒரு பங்கு வாட். மனம் நிறையக் கேட்கிறோம், அறை நிறைகிறது, ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டிருப்பதோ பத்தில் ஒரு வாட். இந்த எண்ணை முதன்முதலில் பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள், அதுவேதான் வரும்.

அப்படியானால் 2 வாட் பெட்டி போதுமே என்று கேட்கலாம். இசை ஒரே சீராக இருந்தால் போதும். தம்பூரா மட்டும் மீட்டிக்கொண்டிருந்தால் போதும். மிருதங்கக்காரர் தொப்பியில் ஒரு ‘தொம்’ போடும் கணத்தில் ஒலி சராசரியை விட்டு எகிறுகிறது. ஒரு நொடியின் சிறு பங்குக்கு மட்டும். நல்ல ஒலிப்பதிவில் இந்த முகடுகள் சராசரியை விட 15, 20 டெசிபல் மேலே போகும். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு வாட். சராசரி பத்தில் ஒரு வாட்டாக இருக்கும்போது அந்த ஒரு தட்டுக்கு 10 வாட் வேண்டும்.

விடுமுறை நாளில் குமிழியைக் கொஞ்சம் ஏற்றிச் சராசரி 80 டெசிபலில் கேட்கிறோம் என்று வைப்போம். முகடு 100 டெசிபலைத் தொடும். 84-க்கும் 100-க்கும் இடைவெளி 16. அதில் 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு, மீதி 6 டெசிபலுக்கு நான்கு மடங்கு. மொத்தம் நாற்பது மடங்கு. ஒரு வாட்டுக்கு நாற்பது மடங்கு 40 வாட்.

அலமாரியில் இருந்த இரண்டாவது பெட்டியில் எழுதியிருந்த எண்ணும் அதுதான். உண்மையான 40 வாட், இந்த அறைக்கு உரக்கக் கேட்கும் நாளுக்கும் போதுமானது.

இப்போது ஸ்பீக்கரை மட்டும் மாற்றிப் பார்ப்போம். 89 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கராக இருந்தால் 20 வாட் போதும். 83 டெசிபல் ஸ்பீக்கர் என்றால் 80 வாட் வேண்டும். ஸ்பீக்கரின் மூன்று டெசிபல், ஆம்ப்ளிஃபயரின் இரண்டு மடங்குக்குச் சமம். கோயில் திருவிழாவில் மின்கம்பத்தில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கி மிகச் சில வாட்டுகளிலேயே தெரு முழுக்கக் கேட்பதற்குக் காரணமும் இதுவே: அதன் உணர்திறன் 100 டெசிபலைத் தாண்டும். வீட்டு ஸ்பீக்கரோ, கொடுக்கும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட ஒலியாக்குவதில்லை. மீதியெல்லாம் கம்பிச் சுருளில் சூடாகப் போகிறது.

முகடு வெட்டு

40 வாட் கேட்கும் தட்டுக்கு 10 வாட் பெட்டி என்ன செய்யும்? மதகு முழுவதும் திறந்தாயிற்று, ஏரியின் மட்டம் அவ்வளவுதான். அலையின் உச்சி மேலே போக வழியில்லாமல் தட்டையாகிவிடுகிறது. இதை முகடு வெட்டு என்று அழைப்போம். ‘தொம்’ என்று விழ வேண்டிய தட்டு ‘டப்’ என்று விழுகிறது. பாடகரின் மேல் ஸ்தாயி கரகரக்கிறது. 1000 வாட் அட்டைப் பெட்டி ஏன் இரைந்தது என்பதற்கு முக்கியமான விடை இங்கே இருக்கிறது: உண்மையில் சில வாட்டே தரக்கூடிய சுற்று, ஒவ்வொரு முகட்டையும் வெட்டிக்கொண்டிருந்தது.

முகடு வெட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வெட்டுப்பட்ட அலையில் மேல் அதிர்வெண்கள் புதிதாகப் பிறக்கின்றன. குமிழியை மேலும் ஏற்ற ஏற்ற, முகடுகள் வளர முடியாமல் நிற்க, அடங்கிய பகுதிகள் மட்டும் எழுந்துகொண்டே வந்து சராசரி ஆற்றல் கூடிவிடுகிறது. கூடுதலாக வரும் மேல் அதிர்வெண் ஆற்றல், ஸ்பீக்கரில் மேல் ஒலிகளைத் தரும் சிறிய ட்வீட்டரின் தலையில் விழுகிறது. சில வாட்டுகளைத் தொடர்ந்து தாங்க முடியாத அந்த மெல்லிய சுருள் கருகிப்போகும். பெரிய ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரைக் கெடுத்துவிடும் என்று பலரும் பயப்படுகிறார்கள். சக்திக்கு மீறி விரட்டப்பட்ட சின்ன ஆம்ப்ளிஃபயரும் அதே வேலையைச் செய்யும்.

இந்தச் சிக்கலை நன்றாகப் புரிந்துகொண்டு செய்த ஒரு பெட்டி, மலிவு ஆம்ப்ளிஃபயர்களின் வரலாற்றையே மாற்றியது. 1978-இல் லண்டனைச் சேர்ந்த என்.ஏ.டி. நிறுவனம் வெளியிட்ட 3020 என்ற ஒருங்கிணைந்த ஆம்ப்ளிஃபயர் அது. வடிவமைத்தவர் ப்யோர்ன் எரிக் எட்வர்ட்சன் என்ற நார்வேக்காரர். சாம்பல் நிற, அலங்காரமே இல்லாத சிறிய பெட்டி. தகவல் தாளில் சானலுக்கு 20 வாட் என்று மட்டுமே இருந்தது.

போட்டி நிறுவனங்கள் தொடர் திறனைப் பெரிதாகக் காட்டப் போட்டி போட்ட காலம் அது. எட்வர்ட்சன் வேறு வழியில் யோசித்தார். மணிக்கணக்கில் முழுத் திறனில் ஓடும் இசை உலகில் கிடையாது. தேவைப்படுவது கண நேர முகடுகளுக்கான கையிருப்பு. ஆகவே தொடர்ந்து 20 வாட் தந்தாலும், முகடு வரும் கணத்தில் அதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு தரும்படி மின்வழங்கியையும் சுற்றையும் அமைத்தார். எல்லை தாண்டும்போது அலையை வெட்டென்று தறிக்காமல் வளைத்து விடும் மென்வெட்டு என்ற வசதியையும் சேர்த்தார். அந்தப் பெட்டி தன்னைவிட விலை உயர்ந்தவற்றோடு வைத்துப் பேசப்பட்டது. நிறுவனத்தின் கணக்குப்படி பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. மலிவான ஆம்ப்ளிஃபயரை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஓம் என்ற சுமை

ஸ்பீக்கரின் பின்னால் 8 ஓம், 6 ஓம், 4 ஓம் என்று ஓர் எண் இருக்கும். மின்னோட்டத்தை அது எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு. எண் குறையக் குறைய ஸ்பீக்கர் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். எழுதியிருப்பது தோராயமான சராசரிதான். 8 ஓம் ஸ்பீக்கரும் சில அதிர்வெண்களில் 5 ஓமுக்கு இறங்கும்.

இங்கேதான் ஏரியின் ஆழம் தெரியும். வலுவான மின்வழங்கி உள்ள ஆம்ப்ளிஃபயர் 8 ஓமில் தருவதைவிட 4 ஓமில் கணிசமாகக் கூடுதல் வாட் தரும். டெனான் பி.எம்.ஏ.-600என்.இ. என்ற மாடலின் தாளில் 8 ஓமுக்கு 45 வாட், 4 ஓமுக்கு 70 வாட் என்று இருக்கிறது. இப்படி இரண்டு எண்களையும் வெளிப்படையாகப் போடுவது நல்ல அறிகுறி. ‘6 ஓமுக்குக் கீழ் இணைக்காதீர்கள்’ என்று பின்பக்கம் எச்சரித்திருந்தால், அதை மதித்து 8 ஓம் ஸ்பீக்கர் வாங்குங்கள். 4 ஓம் சுமைக்கான வாட்டை மட்டும் பெரிதாகப் போட்டு 8 ஓம் எண்ணை மறைத்திருந்தால், சொன்னதில் பாதிதான் உங்கள் 8 ஓம் ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

விலை கூடினால் இசை கூடுமா?

1927 ஆகஸ்ட் 2 காலை. பெல் ஆய்வகப் பொறியாளர் ஹரால்ட் பிளாக், வேலைக்குப் போகும் வழியில் ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்துகொண்டிருந்தார். தொலைதூரத் தொலைபேசிக் கம்பியில் வரிசையாக வைத்த ஆம்ப்ளிஃபயர்கள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் திரிபைச் சேர்த்து, கடைசியில் பேச்சையே குலைத்துவிடும் சிக்கலோடு அவர் பல ஆண்டுகளாக மல்லுக்கட்டி வந்தார். படகில் விடை தோன்றியது. கையில் இருந்த நியூயார்க் டைம்ஸ் தாளின் மேலேயே படம் வரைந்து கையெழுத்திட்டு வைத்தார். வெளியே வருகிற அலையில் ஒரு சிறு பங்கை எடுத்து, தலைகீழாக்கி உள்ளே திருப்பி அனுப்பு. உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் உள்ள வேறுபாடு தானே தன்னைத் திருத்திக்கொள்ளும். எதிர்ப் பின்னூட்டம் எனப்படும் இந்த உத்தியால் பெருக்கும் அளவு குறையும், திரிபும் அதே போலக் குறையும். பெருக்கத்தைப் பின்னாளில் டிரான்சிஸ்டர்கள் மலிவாகத் தந்தன. ஆகவே இன்று குறைந்த விலை ஆம்ப்ளிஃபயரிலும், அதன் எல்லைக்குள் இயங்கும்வரை, திரிபு ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கிறது. அதோடு இணைத்த ஸ்பீக்கரோ தாழ்ந்த ஒலிகளில் நூற்றுக்குச் சில பங்கு திரிபைச் சாதாரணமாகச் சேர்க்கும்.

அப்படியென்றால் எல்லா ஆம்ப்ளிஃபயரும் ஒரே மாதிரிதான் கேட்குமா? அமெரிக்காவின் ‘ஸ்டீரியோ ரிவ்யூ’ இதழ் இதே கேள்வியைத் தலைப்பாக வைத்து 1987 ஜனவரியில் ஒரு சோதனையை வெளியிட்டது. சில நூறு டாலர் விலையுள்ள ரிசீவரிலிருந்து பல ஆயிரம் டாலர் ஆம்ப்ளிஃபயர் வரை வைத்து, எது ஓடுகிறது என்று சொல்லாமல் கேட்கச் செய்தார்கள். ஆம்ப்ளிஃபயர்களுக்குள் வேறுபாடு உண்டு என்று உறுதியாக நம்பியவர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். குருட்டாம்போக்கில் சொன்னால் கிடைக்கக்கூடிய மதிப்பெண்ணைத் தாண்டி யாரும் நம்பகமாகத் தேறவில்லை.

இந்தச் சோதனையை ஏற்காதவர்கள் இன்றும் உண்டு. வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் பல உண்மையிலேயே வேறு மாதிரி கேட்கும். ஸ்பீக்கரின் ஓம் ஏறி இறங்கும்போது அவற்றின் ஒலி அளவும் கூடவே ஏறி இறங்குவது அதற்குக் காரணம். ஆனால் கடையில் நாம் செய்யும் ஒப்பீட்டில் பெரும்பாலும் ஏமாற்றுவது ஒலி அளவுதான். ஒன்று மற்றதைவிட அரை டெசிபல் கூடுதலாக ஒலித்தால், ‘சத்தம் அதிகம்’ என்று காது சொல்லாது. ‘தெளிவு அதிகம்’ என்று சொல்லும். ஆகவே இரண்டையும் ஒரே அளவில் வைத்துக் கேட்காத எந்த ஒப்பீட்டையும் நம்ப வேண்டாம். எல்லைக்குள் இயங்கும் இரண்டு ஒழுங்கான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களுக்கு இடையே, பணம் கொடுக்கத் தகுந்த ஒலி வேறுபாடு இல்லை என்பது என் தீர்ப்பு.

கையளவுப் பெட்டி

எடையை வைத்துத் தரம் சொன்ன காலம் முடிந்துவிட்டது. டி-வகை ஆம்ப்ளிஃபயர்கள் வந்தபின் உள்ளங்கையில் அடங்கும் பெட்டி பழைய பெரிய பெட்டியின் வேலையைச் செய்கிறது. இதில் மதகு பாதி திறந்து நிற்பதே கிடையாது: முழுக்கத் திறக்கும் அல்லது முழுக்க மூடும், நொடிக்குச் சில லட்சம் முறை. எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதில் இசை அடங்கியிருக்கிறது. கடைசியில் ஒரு வடிகட்டி அந்தத் துடிப்புகளை மென்மையான அலையாக்கித் தருகிறது. பாதி திறந்த மதகில் வீணாகும் சூடு இதில் இல்லாததால் வாங்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ஸ்பீக்கருக்குப் போகிறது.

இவற்றின் மேல் ‘100 + 100 வாட்’ என்று போட்டிருப்பதை எப்படிச் சோதிப்பது? கூட வரும் அடாப்டரைப் பாருங்கள். 24 வோல்ட், 4.5 ஆம்பியர் என்றிருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 108 வாட். இரண்டு சானலும் சேர்ந்து 200 வாட்டைத் தொடர்ந்து தர வழியே இல்லை. 8 ஓம் ஸ்பீக்கரில் 24 வோல்ட்டைக் கொண்டு முகடு வெட்டாமல் கிடைப்பது சானலுக்கு 30 வாட் சொச்சம். லேபிள் மிகைப்படுத்துகிறது. ஆனால் 30 வாட் நம் பன்னிரண்டுக்குப் பதினான்கு அறைக்குக் குறைவில்லை. 40-க்கும் அதற்கும் இடையே ஒரு டெசிபல் சொச்சம்தான். லேபிளை ஒதுக்கிவிட்டு, ஸ்பீக்கர் மட்டும் நன்றாக இருந்தால், மிகக் குறைந்த பணத்தில் நல்ல இசை கேட்க இந்தச் சின்னப் பெட்டி போதும்.

கடைக்குப் போகும் முன்

வாட் கணக்கு முடிந்தபின், தேர்வைத் தீர்மானிப்பவை வசதிகளே. இசைத்தட்டு கேட்பவருக்கு ‘ஃபோனோ’ இணைப்பு வேண்டும். இசைத்தட்டு ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட். சிடி பிளேயர் தருவதோ 2 வோல்ட். ஃபோனோ சுற்று அந்த மெல்லிய அலையை எழுப்புவதோடு, தட்டில் பதியும்போது குறைக்கப்பட்ட கீழ் ஒலிகளை மீட்டும் தருகிறது. டிவியோடு இணைப்பவர் ஆப்டிகல் அல்லது எச்.டி.எம்.ஐ. இணைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரிமோட் வேண்டாம் என்று இன்று சொல்பவர் ஒரு மாதத்தில் வேண்டும் என்பார்.

பேஸ், ட்ரெபிள் குமிழிகளை மட்டமாக நினைக்கும் வழக்கம் ஒலி ஆர்வலர்களிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒலி அளவு குறையும்போது தாழ்ந்த ஒலிகளை நம் காது மற்றவற்றைவிட வேகமாக இழக்கிறது என்று ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்ச்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டினார்கள். இரவில் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொந்தரவில்லாமல் மெல்லக் கேட்பவருக்கு மிருதங்கத் தொப்பியின் நாதம் காணாமல் போவது இதனால்தான். அதைத் திரும்பக் கொண்டுவர ‘லவுட்னெஸ்’ குமிழி உதவும். யமஹா ஏ-எஸ்301 போன்ற சானலுக்கு 60 வாட் மாடல்களில் அதைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் வசதியே உண்டு.

பழையது வாங்குவதில் தவறில்லை. குமிழியைத் திருப்பும்போது கரகரப்பு வருகிறதா, இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஒலிக்கிறதா, பாட்டு இல்லாதபோது ஸ்பீக்கரில் ‘ம்ம்’ என்ற உறுமல் இருக்கிறதா என்று பாருங்கள். உறுமல் இருந்தால் மின்தேக்கிகள் வயதாகி வற்றியிருக்கக்கூடும், ஏரி தூர்ந்துபோயிற்று. ஸ்பீக்கர் கம்பிக்குச் சாதாரணச் செம்புக் கம்பி போதும். எட்டடி தூரத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க அறிவியலில் எந்தக் காரணமும் இல்லை.

கையில் இருக்கும் மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்காதீர்கள், மீதி ஸ்பீக்கருக்கு. அறையின் அளவு, உட்காரும் தூரம், ஸ்பீக்கரின் உணர்திறன், அதன் ஓம் ஆகிய நான்கையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். அவற்றைக் கேட்காமலேயே ‘இதுதான் சார் அதிக வாட்’ என்று ஒரு பெட்டியை எடுத்து வைப்பவரிடம் வாங்க வேண்டாம்.